ஸ்டாப் வேறு, பார்க் வேறு

லாரித் தொழிலில் இருக்கிறவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் சொன்னது? நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கிளட்ச், கியர், ஆக்ஸில், பேரிங் என்று என் வாயில் புழங்குகிற இங்கிலீஷ், கோட்டு போட்ட பலருக்குத் தெரியாது. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கூரை வீட்டில் பிறந்தேன். உளுந்தூர்பேட்டையில் கிளீனராக லாரி ஏறினேன். டிரைவர் ஆனேன். இன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் சொந்த ஷெட், சொந்த லாரிகள், வீட்டுக்கு ஒரு கார், மாடி வீடு. இதையெல்லாம் நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பேர்ப்பட்ட எனக்கு ஸ்டாப் என்ற வார்த்தைக்கும் பார்க் என்ற வார்த்தைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது அறுபத்தைந்து வயசுக்கு மேல்தான் தெரிந்தது. அதற்குக் காரணம் என் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை இது.

அவளுக்குக் கூடப் பிறந்தவள் ஒரே ஒரு தங்கை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற வழியில் மளிகைக் கடை வைத்திருக்கிறாள். அவள் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கடையைத் தனி ஆளாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். போன வருஷம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து அவளால் மலையை விட்டு இறங்க முடியவில்லை. என் மனைவிக்கு வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை, தங்கையைப் போய்ப் பார்க்க வேண்டும். பஸ் இருக்கிறது. ஆனால் அது அதன் இஷ்டத்துக்கு வரும். என்னிடம் கேட்டால் நான் என் இஷ்டத்துக்குக் கூட்டிப்போவேன். "நாளைக்குப் போலாம்" என்று நான் சொன்ன நாளைக்குகளை வரிசையாக அடுக்கினால் மலைக்கு ஒரு ரோடே போடலாம்.

ஒருநாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு நின்றாள்.

"இன்னாங்க, நான் டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்துக்கினேன்."

"யாரைச் சேத்துவுட்ட?"

"என்னத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாமே, வூட்ல ஒரு டிரைவரை வெச்சிக்கினு வெளிய போய்க் கத்துக்கிறியா? நான் சொல்லித் தரமாட்டனா?"

"நீங்க சொல்லித்தர மாட்டீங்க, திட்டுவீங்க. திட்டு வூட்லயே ஜாஸ்தியா கெடைக்குது."

அந்த டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பது ஒரு பெண். ரிஷிவந்தியத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். நானும் முதல்நாள் கூடப் போனேன். சொல்லிக்கொடுப்பவளுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் கேட்டுக்கொள்ளட்டுமே என்றுதான். அவள் எதுவும் கேட்கவில்லை. "ஐயா, பின்னாடி சீட்ல உக்காருங்க" என்றாள். லாரி முதலாளியைப் பின்சீட்டில் உட்காரவைத்தவள் அந்தப் பெண் ஒருத்திதான்.

எல்.எல்.ஆர். என்கிற கத்துக்குட்டி லைசென்ஸ் பரீட்சைக்கு ரோட்டு போர்டுகளைப் படிக்க வேண்டும். என் மனைவி எட்டாவது வரை போனவள். அந்த விஷயத்தில் என்னைவிட இரண்டு மடங்கு. ராத்திரி சாப்பாடு ஆனதும் செல்போனை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு கேட்பாள்.

"ஒரு வட்டம். உள்ள குறுக்க ஒரு கோடு. இது இன்னா போர்டு?"

"வண்டி நிறுத்தக் கூடாது."

"சரி. அதே வட்டம். பெருக்கல் குறி மாதிரி ரெண்டு கோடு. இது?"

"அதுவும் வண்டி நிறுத்தக் கூடாது."

"ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்னா எதுக்கு ரெண்டு போர்டு வெக்கிறான்?"

"போர்டு அடிக்கிறவன் பொழைக்க வேணாவா?"

அவள் போனைத் தள்ளிவைத்து என்னைப் பார்த்தாள். "ஒண்ணு நோ பார்க்கிங். இன்னொண்ணு நோ ஸ்டாப்பிங். ரெண்டும் வேற வேறயாம்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிக்னலில் நிறுத்து என்கிறோம், வாசலில் நிறுத்து என்கிறோம். ஓடாத வண்டி நின்ற வண்டி. அதில் என்ன இரண்டு ஜாதி? மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணிடமே கேட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"ஐயா, கொழந்தய இடுப்புல வெச்சிக்கினு நிக்கறோம் பாருங்க, அது ஸ்டாப்பு. நம்ம கை அது மேலயே இருக்கும். அடுத்த நிமிஷம் நடந்துடுவோம். கொழந்தயத் தூளியில போட்டுட்டு அடுப்பாண்ட போறோம் பாருங்க, அது பார்க்கு. போடறதுக்கு முன்னாடி தூளிக் கயிறு கெட்டியா இருக்குதான்னு இழுத்துப் பாக்கறோம் இல்ல? அந்தக் கயிறுதான் ஹேண்ட் பிரேக்கு, கியரு, மலைப் பக்கமாத் திருப்பிவெச்ச சக்கரம் எல்லாம்."

நன்றாகத்தான் சொன்னாள். ஆனாலும் விட்டுக்கொடுத்தால் நான் நானாக இருக்க முடியுமா? "எங்க காலத்துல ஹேண்ட் பிரேக்க எவம்மா நம்புனான்? பின் டயருக்கு ஒரு கல்லு போட்டா அதான் பிரேக்கு" என்றேன்.

இதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்து லாரி லோடோடு மலை ஏறும்போது எதிரே வண்டி வந்தால் நிற்கும். நின்றால் பின்னால் நழுவும். அது நழுவுவதற்கு முன்னால் கிளீனர் குதித்துப் பின் டயருக்கு அடியில் கல் வைக்க வேண்டும். எதிர் வண்டி போனதும் பாடியில் இரண்டு தட்டு தட்டி "ரைட்!" என்று கத்த வேண்டும். லாரி முன்னால் நகர்ந்ததும் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டு, ஓடிப்போய்ப் படியைப் பிடித்துத் தொற்றிக்கொள்ள வேண்டும். கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவனை டிரைவர் அடித்தே இறக்கிவிடுவார். பின்னால் வருகிறவன் அதில் ஏறிக் கவிழ்ந்தால் பாவம் யாருக்கு? இந்த வேலையில் என்னை மிஞ்ச உளுந்தூர்பேட்டை ரோட்டிலேயே ஆள் கிடையாது. குரங்கு என்றே எனக்குப் பட்டப்பெயர்.

அவளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. முதல் தடவையிலேயே. ஊரெல்லாம் நான்தான் சொன்னேன். ஆனால் மலைக்குத் தனியாகப் போக நான் சம்மதிக்கவில்லை. சமவெளியில் ஓட்டுவது வேறு, கொண்டை ஊசி வளைவில் ஓட்டுவது வேறு. எத்தனையோ நல்ல டிரைவர்கள் அந்த ரோட்டில் வியர்த்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு கண்டிஷன் போட்டேன்.

"நான் பக்கத்துல உக்காந்துக்கினு வருவேன். வாயத் தொறக்கமாட்டேன். ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன். ஏறி எறங்கிட்டு வந்துட்டியா, சாவி உனுது. எந்த வெள்ளிக்கிழமை வேணாலும் போ. நடுவுல 'ஏங்க, நீங்க கொஞ்சம் ஓட்டுங்க'ன்னு சொன்னியா, அதோட சரி."

"வாயத் தொறக்கமாட்டீங்களா?"

"தொறக்கமாட்டேன்."

"அப்போ வண்டி மலை ஏறுதோ இல்லியோ, அதப் பாக்கவே போலாம்."

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் வரைக்கும் நான் நிஜமாகவே வாயைத் திறக்கவில்லை. ஊரை ஒட்டிய டேமைத் தாண்டி ரோடு மேலே தூக்க ஆரம்பித்ததும் என் வலது கால் தானாகப் பிரேக் போட்டது. இடது சீட்டில் பிரேக் இல்லை. காலடியில் கிடந்த மேட் கசங்கியதுதான் மிச்சம். அவள் ஒரு பார்வை பார்த்தாள். "காலு வாய் இல்லியே, அது கணக்குல வராது" என்றேன்.

அவள் நன்றாக ஓட்டினாள். என்னைவிட மெதுவாக, ஆனால் நன்றாக. வளைவுக்கு முன்னால் ஹார்ன், வளைவுக்கு உள்ளே செகண்ட் கியர். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் நான் மரவள்ளிக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மேலே ஒரு வளைவு முடிந்து ரோடு செங்குத்தாக நிமிர்கிற இடத்தில் பஸ் வந்தது. இறங்குகிற பஸ். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது சட்டம். பஸ்காரருக்கு நேரம் ஆகியிருந்தது போலும், சட்டத்தை மேலேயே விட்டுவிட்டு வந்தார். என் மனைவி மலைப் பக்கமாக ஒதுக்கி, ஓர் அசைவு இல்லாமல் நிறுத்தினாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பு இல்லை. என் உடம்புதான் பொறுப்பு. வண்டி ஏற்றத்தில் நின்றதும் என் கை கதவைத் திறந்தது. கால் குதித்தது. கண் ஓரத்தில் கிடந்த கல்லைப் பார்த்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்குள் கல்லைத் தூக்கிப் பின் டயருக்கு அடியில் வைத்துவிட்டேன். கதவையும் அறைந்து சாத்தியிருக்கிறேன், எப்போது என்று தெரியாது. பஸ் உரசாமல் இறங்கியது. அதன் வால் தாண்டியதும் கார் மேல் பட் பட் என்று இரண்டு தட்டு.

"ரைட்!"

கார் கிளம்பியது. பின்னால் ஒரு விரல் அளவுகூட நழுவவில்லை. ஹேண்ட் பிரேக்கை விட்டதும் கிளட்ச் பிடித்ததும் ஒரே மூச்சில். அந்தக் கல்மேல் டயர் சாயவே இல்லை. பழைய டிரைவர் என்ற முறையில் முதலில் சந்தோஷப்பட்டேன். கல்லை எடுத்து ஓரத்தில் போட்டேன். ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள வேண்டும். ஓடினேன். காருக்குப் படி கிடையாது. எனக்கும் பழைய முழங்கால் கிடையாது.

இறங்குகிற பஸ்ஸின் பின்படியில் நின்ற கண்டக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். "பெரியவரே, அம்மா போய்ட்டாங்க! ஏறுங்க, கீழ கொண்டாந்து வுட்டுடறேன்!" என்று கத்தினார். பஸ்ஸுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வளைவு திரும்பும் வரைக்கும் கேட்டது.

நான் மேலே நடந்தேன். கார் அடுத்த வளைவில் திரும்பி மறைந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறைந்த பிறகும் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். சத்தத்தை வைத்தே எந்தக் கியர் என்று சொல்லிவிடுவேன். செகண்ட். சரி. இப்போது வளைவு. சரி.

வழியில் மலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் கடுக்காய் மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜீப்புக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா தாத்தா, நீ வண்டிய வுட்டியா, வண்டி உன்ன வுட்டுதா?"

"நான்தான் அனுப்பிவெச்சேன்."

"ஆமாமா. அதான் பின்னாடியே ஓடியாற."

"ஓட்டறது என் வூட்டுக்காரி" என்றேன். "அறுவது வயசுல லைசென்ஸ் வாங்கிக்கினு மலை ஏறுறா. இந்த மலையில எவளாவது ஏறியிருக்காளா?"

"நாங்க பொறந்ததுலேந்து ஏறிக்கினுதான் இருக்கறோம், தலையில மூட்டையோட" என்றாள் மூத்தவள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு நடந்தேன்.

மேலே ரோடு சமமாகிற இடத்தில், ஒரு பலா மரத்துக்கு அடியில் கார் இருந்தது. என் மனைவி இறங்கி மரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். நான் நேராக அவளிடம் போகவில்லை. காரைச் சுற்றி வந்தேன். ஹேண்ட் பிரேக் தூக்கியிருந்தது. கியர் விழுந்திருந்தது. முன்சக்கரம் மலைப் பக்கம் திரும்பியிருந்தது. இத்தனை வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரு தப்புக்காகத் தேடினேன். கிடைக்கவில்லை.

"இன்னாமே, நட்ட நடு ரோட்ல வுட்டுட்டு வந்துட்ட?"

"நீங்கதான ரைட் குடுத்தீங்க?"

"அது கைப் பழக்கம்."

"ரைட்டுன்னா போகணும்ங்கறது எனக்குக் காதுப் பழக்கம். கல்யாணம் ஆன புதுசுல உங்க லாரியில வந்து வந்து கேட்டதுதான்."

"சரி, நான் ஏறலன்னு தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கலாம் இல்ல?"

"ஏத்தத்துல காரணம் இல்லாம ஸ்டாப் பண்ணாதீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்குது. பார்க் பண்ண எடம் இல்ல. எடம் வந்ததும் பண்ணேன்." பாட்டிலை நீட்டினாள். "நான் அங்க சும்மா ஸ்டாப்தான் பண்ணேன். நீங்கதான் எறங்கி, கல்லு வெச்சி, பார்க் பண்ணிட்டீங்க."

நான் பாட்டிலை வாங்கிக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு குடித்தேன்.

"இப்ப சொல்லுங்க" என்றாள். சிரிப்பு போய்விட்டது. "நீங்க பாதியில எறங்கிட்டீங்க. ரெண்டு வளைவு நீங்க இல்லாமதான் ஏறுனேன். அது கணக்குல வருமா, வராதா? சாவி எனக்கா, உங்களுக்கா?"

"எறக்கம் பாக்கி இருக்குது. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

தங்கை வீட்டு வாசலில் கார் போய் நின்றது. என் மச்சினிச்சி எப்போதும் செய்வதைத்தான் அன்றைக்கும் செய்தாள். காலை இழுத்து இழுத்து, கையில் மோர் சொம்போடு கார் ஜன்னலுக்கு வந்தாள். நான் வந்தால் அப்படித்தான். நான் இறங்க மாட்டேன். இஞ்சினை ஆஃப் பண்ண மாட்டேன். ஜன்னல் வழியாகவே மோர் குடித்துவிட்டு, உள்ளே போன மனைவிக்கு ஹார்ன் அடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு டிரைவர் ஜன்னலில் அவள் அக்கா முகம் இருந்தது.

"அக்கா! நீயா?"

"நான்தான்டி. மோர் உள்ள வந்து குடிக்கிறேன். சொம்ப எடுத்துக்கினு போ."

இஞ்சின் நின்றது. ஹேண்ட் பிரேக் கிறீச்சென்று ஏறியது. அக்கா தங்கை இரண்டு பேரும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். போகிற போக்கில் மச்சினிச்சி திரும்பி, "மாமா, கொஞ்சம் கடையப் பாத்துக்கோங்க. யாராவது வந்தா தீப்பெட்டி எங்க இருக்குதுன்னு அவங்களுக்கே தெரியும்" என்றாள்.

லாரி முதலாளி மளிகைக் கடையில் உட்கார்ந்தேன். ஷாம்பு பாக்கெட் விற்றேன். வெல்லம் விற்றேன். வியாபாரம் என் ரத்தத்தில் இருக்கிறது, ஒருத்தரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. பின்கட்டிலிருந்து அவர்கள் பேசுவது கேட்டது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அவர்கள் அம்மா கருவாட்டுக் குழம்பில் என்ன போடுவாள் என்று ஒரு சண்டை. கத்திரிக்காய் என்கிறாள் ஒருத்தி, இல்லவே இல்லை என்கிறாள் இன்னொருத்தி. அப்புறம் சிரிப்பு. அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். மறுபடி குழம்பு. என் மனைவி இப்படி விட்டு விட்டுப் பேசி நான் கேட்டதில்லை. என்னோடு வரும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை அவசரமாகக் கொட்டிவிட்டு ஓடிவருவாள். வாசலில் என் ஹார்ன் கத்திக்கொண்டிருக்குமே.

அந்த வீட்டில் நான் எத்தனையோ தடவை ஸ்டாப் பண்ணியிருக்கிறேன். பார்க் பண்ணியதே இல்லை. டிரைவிங் ஸ்கூல் பெண் சொன்ன தூளி எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. இது யாரும் எனக்குச் சொல்லித் தந்தது அல்ல, நானாகவே கண்டுபிடித்தது. கடையில் உட்கார்ந்து வெல்லம் நிறுத்துக்கொண்டே.

சாயந்திரம் பஸ் வரும் நேரமானது. உள்ளே போனேன். மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"கெளம்பணுமா?"

"நீ உக்காரு. நான் பஸ்ல போறேன். நீ இருந்துட்டு நாளைக்கு வா."

இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். கூடப் பிறந்தவர்கள் என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது.

"எறக்கம் நீங்க பாக்கலியே? கண்டிஷன் இன்னா ஆவறது?"

"கண்டிஷன் போட்டவன் நானு. எடுக்கறவனும் நான்தான்" என்றேன். "செகண்ட் கியரை வுட்டு மாத்தாத. பிரேக்க அழுத்திக்கினே வராத. டேமாண்ட வரும்போது..."

"ஏங்க."

"சும்மா சொன்னேன்."

"மாமா, கத்திரிக்காயா இல்லியா, நீங்க சொல்லிட்டுப் போங்க" என்றாள் மச்சினிச்சி.

"எங்க மாமியா வெச்ச கொழம்புல காரம்தான் இருந்துது. வேற எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் அதே கண்டக்டர். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னா பெரியவரே, அம்மா மறுபடியும் வுட்டுட்டாங்களா?"

"நான்தான் கார அவகிட்ட வுட்டுட்டு வரேன்" என்றேன். அவர் நம்பவில்லை. கீழே இறங்கும் வரைக்கும் அவருக்கும், பக்கத்து சீட்டுக்காரருக்கும், முன்சீட்டில் இருந்த அம்மாவுக்கும் முழுக்கதையையும் சொன்னேன். கச்சிராயபாளையத்தில் இறங்கும்போது முன்சீட்டு அம்மா டிரைவிங் ஸ்கூல் எங்கே இருக்கிறது என்று விசாரித்தாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. போன் பண்ணலாம் என்று எடுத்தேன். ஓட்டுகிறபோது மணி அடித்தால் கவனம் சிதறும் என்று வைத்துவிட்டேன். ஷெட்டுக்குப் போய் ஒரு லாரியின் டயரைச் சும்மா உதைத்துப் பார்த்தேன். திரும்பி வந்து ஈசிசேரில் உட்கார்ந்தேன். வெயில் தணிகிற நேரத்தில் தெருமுனையில் அந்த ஹார்ன். ஒரு சின்ன அடி. பிறகு ரிவர்ஸ் சத்தம்.

வாசலுக்குப் போய் "வா, வா, லெஃப்ட்ல ஒடி" என்று சொல்ல வாயெல்லாம் ஊறியது. எழுந்தேன். உட்கார்ந்தேன். இஞ்சின் நின்றது, ஹேண்ட் பிரேக் ஏறியது, கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. என் மனைவி ஒரு பையில் கடுக்காயும் இன்னொரு பையில் பலாச்சுளையுமாக உள்ளே வந்தாள். நெற்றி வேர்த்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். எறக்கம் எப்படி இருந்தது?"

"எறக்கமாத்தான் இருந்தது" என்றாள். சாவியை எடுத்துத் தன் இடுப்புச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். "வர வெள்ளிக்கிழமையும் போறேன். ரசம் வெச்சிட்டுப் போறேன், சோறு மட்டும் நீங்க வடிச்சிக்கோங்க."

கேட்கவில்லை, சொன்னாள். நான் தலையாட்டினேன். சோறு வடிப்பதிலும் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.